640 கேபிக்குள் இடம் தேடுவது: பழைய டாஸ் கணினியில் கன்வென்ஷனல் மெமரியை விடுவிக்கும் முழு வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய சிறு பட்டறையில் கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும் சிஎன்சி இயந்திரத்துக்கு ப்ரோகிராம் அனுப்புவதற்கென்றே வைத்திருக்கும் 386 ப்ராசஸர் கணினி, கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் பழைய கணக்கைத் திறந்து பார்ப்பதற்காக மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் 486, தர்மபுரியில் மூடப்பட்ட கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போகும் வழியில் ஆர்வலர் ஒருவர் கைக்கு வந்த கணினி என்று, எங்கள் பக்கத்தில் டாஸ் என்ற பழைய இயங்குதளம் இன்னும் அங்கங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இவற்றை வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். கணினியில் 8 எம்பி ராம் இருக்கிறது. ஆனாலும் ப்ரோகிராமைத் திறந்தால் “ப்ரோகிராம் டூ பிக் டு ஃபிட் இன் மெமரி” என்று ஒரே வரியில் மறுத்துவிடுகிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் இன்னும் 8 எம்பி வாங்கி வந்து செருகினாலும் அந்த வரி மாறாது. தட்டுப்பாடு ராமில் இல்லை; முதல் 640 கேபிக்குள் தேவையில்லாதவை வந்து உட்கார்ந்திருப்பதே சிக்கல்.

எனவே, இந்த வழிகாட்டி, சிடி, மவுஸ் போன்றவற்றை இயக்கும் டிரைவர்களை நீக்குவதைப் பற்றியது அல்ல, அவற்றை இடம் மாற்றுவதைப் பற்றியது. எது எங்கே, எந்த வரிசையில் ஏறுகிறது என்பதைச் சரிசெய்தால், சிடி, மவுஸ், டிஸ்க் கேஷ் மூன்றையும் வைத்துக்கொண்டே 600 கேபிக்கு மேல் காலியாக வைத்திருக்க முடியும்.

இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கும் கட்டளைகள் அனைத்தையும் கணினியில் ஆங்கில எழுத்தில், அதே குறியீடுகளோடு தட்டச்சு செய்ய வேண்டும். எம்எஸ்-டாஸ் 6.22ஐ அடிப்படையாக வைத்து எழுதியிருக்கிறேன், 5.0க்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நினைவகத்தின் வரைபடம்

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 ப்ராசஸருக்கு 20 முகவரிக் கம்பிகள்தான் இருந்தன. அவற்றால் எட்டக்கூடிய மொத்த இடம் 1 எம்பி. அதில் கீழுள்ள 640 கேபியை ப்ரோகிராம்களுக்கும், மேலுள்ள 384 கேபியைத் திரைக்கான மெமரிக்கும் கார்டுகளுக்கும் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸுக்கும் ஐபிஎம் ஒதுக்கியது. கீழ்ப்பகுதிக்குத்தான் கன்வென்ஷனல் மெமரி என்று பெயர். பிற்பாடு எத்தனை எம்பி ராம் வந்தாலும் சாதாரண டாஸ் ப்ரோகிராம் இந்த எல்லைக்குள்ளேயே ஓட வேண்டியிருக்கிறது.

தப்பிக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, 1 எம்பி எல்லைக்குச் சற்று மேலே, 64 கேபிக்கு 16 பைட் குறைவான ஹை மெமரி ஏரியா. இது 286 முதல் கிடைக்கும், இங்கே டாஸின் பெரும்பகுதியைக் கொண்டுபோய் வைக்கலாம். மற்றொன்று, மேலுள்ள 384 கேபியில் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் இடைவெளிகள். 386 முதல், இஎம்எம்386 என்ற நிரல் கூடுதல் ராமை இந்த இடைவெளிகளில் பொருத்திக் காட்டுகிறது. அப்படிக் கிடைக்கும் துண்டுகளை அப்பர் மெமரி பிளாக் என்றும், சுருக்கமாக யுஎம்பி என்றும் சொல்வார்கள்.

8088 உள்ள எக்ஸ்டி கணினிகளில் இந்த இரண்டுமே கிடையாது. அவற்றில் டாஸ் 3.3 போட்டுக்கொள்வதே நல்லது. ஹை மெமரி இல்லாத கணினியில் 6.22 அதைவிட அதிக இடம் பிடிக்கும். 286 வைத்திருப்பவர்கள் கீழே இஎம்எம்386 வரும் பகுதிகளைத் தாண்டிவிடலாம்.

கை வைப்பதற்கு முன்

முதலில் ஒரு பூட் ஃபிளாப்பி தயார் செய்யுங்கள். “ஃபார்மட் ஏ: /எஸ்” கொடுத்து, அதில், தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் இரண்டின் பிரதியையும் வைத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்கிலும் அதே இரண்டு கோப்புகளுக்கு வேறு பெயரில் ஒரு பிரதி இருக்கட்டும். கணினி தொடங்கும்போது “ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்” என்ற வரி வந்தவுடன் எஃப்5 அழுத்தினால் இரண்டு கோப்புகளையும் படிக்காமல் டாஸ் திறக்கும். எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் அனுமதி கேட்டுப் போகும். எந்த வரியில் கணினி உறைகிறது என்று கண்டுபிடிக்க எஃப்8ஐ விட நல்ல கருவி கிடையாது.

கோப்பைத் திருத்த “எடிட்” கட்டளை போதும். டிஸ்கில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது க்யூபேசிக்.இஎக்ஸ்இ கோப்பை அழித்திருந்தால் எடிட்டும் வேலை செய்யாது. டாஸ் 5, 6 இரண்டிலும் எடிட் அதை நம்பித்தான் இருக்கிறது.

அடுத்து “மெம்” என்று தட்டி, கன்வென்ஷனல் மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 640 இருக்க வேண்டும். 639 இருந்தால் கவலை வேண்டாம். பயாஸ் தன் தேவைக்காக உச்சியில் 1 கேபி எடுத்துக்கொள்ளும் கணினிகள் உண்டு. 638, 634 என்று குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பழைய கம்ப்யூட்டர் சென்டர் ஃபிளாப்பிகளில் பூட் செக்டர் வைரஸ்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன: ஸ்டோன்ட் 2 கேபி விழுங்கும், 1990இல் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டு, ஜனவரி 5 அன்று கணினியைத் திறப்பவரைப் பிறந்தநாள் வாழ்த்து தட்டச்சு செய்யச் சொல்லும் ஜோஷி 6 கேபி விழுங்கும். எழுதுதடை போட்ட சுத்தமான ஃபிளாப்பியிலிருந்து பூட் செய்து வைரஸை நீக்கிய பிறகே மற்ற வேலையைத் தொடருங்கள்.

அளந்து பார்ப்பது

“மெம் /சி /பி” என்று கொடுத்தால் ஒவ்வொரு நிரலும் கீழே எவ்வளவு, மேலே எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பட்டியல் வரும். திருத்தப்படாத 486 ஒன்றில் அந்தப் பட்டியலைப் பார்த்தால் கதை தானாக விளங்கும். எம்எஸ்டாஸ் என்ற வரிக்கு நேரே 60 கேபியை ஒட்டி ஓர் எண். அதற்குக் கீழே டிஸ்கில் படித்ததை ராமில் வைத்து வேகம் கூட்டும் டிஸ்க் கேஷான ஸ்மார்ட்டிரைவ் 28 கேபி அளவில். சிடி டிரைவர் ஒன்று, அதோடு சிடியை ஒரு டிரைவாக டாஸுக்குக் காட்டும் எம்எஸ்சிடிஎக்ஸ் 30 கேபியை ஒட்டி. மவுஸ் 17 கேபி. தட்டிய கட்டளைகளை நினைவில் வைக்கும் டாஸ்கீ 4 கேபி. அப்பர் என்ற பத்தி முழுக்கப் பூஜ்ஜியம். அதாவது அத்தனை பேரும் கீழ்வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் காலியிடத்தின் மொத்தம் அல்ல. கடைசியில் வரும் “லார்ஜஸ்ட் எக்ஸிக்யூட்டபிள் ப்ரோகிராம் சைஸ்” என்ற வரிதான். பேருந்தில் ஐந்து இருக்கை காலி என்றாலும் அவை ஐந்து மூலைகளில் இருந்தால் ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார முடியாது. டாஸ் ப்ரோகிராமுக்கும் வேண்டியது ஒரே தொடர்ச்சியான இடம். இந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி பூட் செய்து மறுபடி குறியுங்கள். ஒரே மூச்சில் பத்து வரிகளை மாற்றுபவர்கள், எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் கடைசியில் பழைய பிரதிக்கே திரும்புகிறார்கள்.

கான்ஃபிக்.சிஸ்

கோப்பின் முதல் வரிகள் இந்த வரிசையிலேயே இருக்க வேண்டும்:

டிவைஸ்=சி:\டாஸ்\ஹைமெம்.சிஸ்
டிவைஸ்=சி:\டாஸ்\இஎம்எம்386.இஎக்ஸ்இ நோஇஎம்எஸ்
டாஸ்=ஹை,யுஎம்பி

ஹைமெம் ஏறினால்தான் ஹை மெமரியும் கூடுதல் ராமும் டாஸின் கைக்கு வரும். மூன்றாவது வரியில் உள்ள “ஹை” டாஸை ஹை மெமரிக்கு அனுப்புகிறது. இந்த ஒரு சொல்லிலேயே சுமார் 45 கேபி விடுபடும். 286 வைத்திருப்பவர்கள் முதல் வரியையும் “டாஸ்=ஹை” என்பதையும் மட்டும் எழுதினால் போதும், அவர்களுக்குப் பெரிய லாபம் அதிலேயே வந்துவிடும்.

“நோஇஎம்எஸ்” என்பதை யோசித்துத்தான் போட வேண்டும். லோட்டஸ் 1-2-3, ஃபாக்ஸ்ப்ரோ போன்ற அந்தக் காலத்து நிரல்கள் எக்ஸ்பாண்டட் மெமரியை (இஎம்எஸ்), அதாவது ஒரு சாளரம் வழியாகத் துண்டு துண்டாகப் பார்க்கும் கூடுதல் ராமை, பயன்படுத்திக்கொள்ளும். அதைக் கொடுப்பதற்கு மேல் பகுதியில் 64 கேபி அகலமான ஒரு சாளரம் தேவைப்படும். விஜிஏ கார்டின் பயாஸ் முடியும் சி800 என்ற (ஹெக்ஸ் எண்ணில் எழுதிய) முகவரி முதல் சிஸ்டம் பயாஸ் தொடங்கும் எஃப்000 வரை மொத்தமே 160 கேபிதான். அதில் 64 போனால் டிரைவர்களுக்கு 96தான் மிச்சம். உங்கள் நிரல் எக்ஸ்பாண்டட் மெமரி கேட்காவிட்டால் நோஇஎம்எஸ் போடுங்கள். கேட்டால் அதற்குப் பதில் “ராம்” என்று போட்டு, மிச்சமுள்ள இடத்தில் சமாளியுங்கள். கணக்கு நிரல்கள் இருக்கும் கணினிகளில் இரண்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

அடுத்து வரும் சில்லறை வரிகளில் 2, 3 கேபி ஒளிந்திருக்கும். “லாஸ்ட்டிரைவ்=இசட்” என்று எழுதிவைப்பது பலருக்கும் பழக்கம்; ஒவ்வொரு டிரைவ் எழுத்துக்கும் டாஸ் 88 பைட் ஒதுக்குகிறது, இ அல்லது எஃப் வரை போதும். “பஃபர்ஸ்” எண்ணை ஸ்மார்ட்டிரைவ் இருந்தால் 15 என்றும், இல்லாவிட்டால் 30 என்றும் வையுங்கள். அளவோடு இருந்தால் அவையும் டாஸோடு ஹை மெமரிக்கே போய்விடும், மிக அதிகமாகக் கேட்டால் அத்தனையும் கீழே இறங்கிவிடும். “ஸ்டாக்ஸ்=0,0” என்று எழுதினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்; “இன்டர்னல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ” என்று கணினி நின்றால் மட்டும் அதை 9,256 என்று திருப்பிவிடுங்கள். “ஃபைல்ஸ்” எண்ணில் கஞ்சத்தனம் வேண்டாம்: ஒரு கோப்புக்கு 60 பைட்கூட ஆகாது, கிளிப்பரிலோ ஃபாக்ஸ்ப்ரோவிலோ எழுதிய கணக்கு நிரலுக்கு ஒரே நேரத்தில் பல கோப்புகள் திறந்திருக்க வேண்டும். 40க்குக் கீழே குறைத்து, நடுவழியில் நிரல் நின்றுபோனால் மிச்சம் பிடித்த ஒரு கேபிக்கு மதிப்பே இல்லை.

இதற்குப் பிறகு வரும் டிரைவர்கள் அனைத்துக்கும் “டிவைஸ்” என்பதை “டிவைஸ்ஹை” என்று மாற்றுங்கள்:

டிவைஸ்ஹை=சி:\சிடி\சிடிடிரைவர்.சிஸ் /டி:எம்எஸ்சிடி001

ஹைமெம், இஎம்எம்386 இரண்டையும் மட்டும் அப்படி மாற்றக்கூடாது. மேல் மாடியைக் கட்டுபவர்களே அவர்கள்தான். டிஸ்க்கைச் சுருக்கி வைக்கும் டபுள்ஸ்பேஸ் அல்லது டிரைவ்ஸ்பேஸ் இருந்தால், அது மட்டுமே 40 கேபி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். இன்று பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை போட்டுக்கொள்ள முடிகிற நிலையில், சுருக்கத்தை வைத்திருப்பதற்குக் காரணமே இல்லை என்பது என் கருத்து. தரவைப் பிரதி எடுத்துவிட்டு அதை நீக்கிவிடுங்கள்.

ஆட்டோஎக்ஸெக்.பேட்

இங்கே “லோட்ஹை”, சுருக்கமாக “எல்எச்”, என்பதை நிரலின் பெயருக்கு முன்னால் சேர்க்க வேண்டும்:

எல்எச் சி:\டாஸ்\எம்எஸ்சிடிஎக்ஸ்.இஎக்ஸ்இ /டி:எம்எஸ்சிடி001 /எம்:4
எல்எச் சி:\மவுஸ்\மவுஸ்.காம்
எல்எச் சி:\டாஸ்\டாஸ்கீ.காம்

ஸ்மார்ட்டிரைவ் இடம் இருந்தால் தானாகவே மேலே ஏறிக்கொள்ளும். எம்எஸ்சிடிஎக்ஸ் வரியில் உள்ள “/எம்:” என்ற எண் சிடி பஃபர்களின் எண்ணிக்கை. ஒவ்வொன்றும் 2 கேபி. பலர் எங்கிருந்தோ பிரதி எடுத்த வரியில் 15, 20 என்றெல்லாம் இருக்கும்; ஸ்மார்ட்டிரைவ் இருக்கும்போது 4 போதும்.

கவனிக்க வேண்டிய கண்ணாமூச்சி ஒன்று இங்கே உண்டு. மேலே இடம் இல்லாவிட்டால் எல்எச் பிழை எதையும் காட்டாது. ஓசைப்படாமல் நிரலைக் கீழேயே ஏற்றிவிடும். கோப்பில் எல்எச் எழுதியிருக்கிறது என்பதால் நிரல் மேலே போய்விட்டது என்று நம்பக்கூடாது. மெம் /சி பட்டியலில் அப்பர் பத்தியைப் பார்த்தபின்தான் நம்ப வேண்டும்.

மேலே 25 கேபி காலியாக இருந்தும் 17 கேபி மவுஸ் டிரைவர் ஏன் கீழேயே உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். ஏறும்போது ஒரு நிரலுக்குத் தேவைப்படும் இடம் வேறு, ஏறி முடித்துச் சுருங்கிய பிறகு அது வைத்துக்கொள்ளும் இடம் வேறு. தொடக்க வேலைக்கான பகுதியை வேலை முடிந்ததும் நிரல் விட்டுவிடும். ஆனால் அந்த ஒரு கணத்துக்கு முழு அளவும் ஒரே துண்டாகக் கிடைத்தாக வேண்டும். மெம் பட்டியல் சுருங்கிய அளவை மட்டும்தான் காட்டுகிறது. எனவே ஏறும்போது பெரிதாக இருப்பதை முதலிலும், டாஸ்கீ போன்ற சிறியதைக் கடைசியிலும் ஏற்றுவதே விதி. வரிசையை மாற்றுவதால் மட்டும் 20, 30 கேபி கிடைத்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன். சிடி டிரைவருக்குப் பின்தான் எம்எஸ்சிடிஎக்ஸ் என்பது போன்ற கட்டாய வரிசையை மட்டும் கலைக்காதீர்கள்.

“பாத்”, “செட்” வரிகளை எல்எச் வரிகளுக்குப் பின்னால் வைப்பது இன்னொரு சிறு உபாயம். நினைவகத்தில் தங்கும் ஒவ்வொரு நிரலும் அந்த நேரத்து என்விரான்மென்டின், அதாவது பாத், செட் மதிப்புகளின் தொகுப்பின், பிரதியைத் தன்னோடு எடுத்துப்போகும். அதற்கு முன்னால் வரும் நிரல்களுக்கு முழுப் பாதையையும் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மேல் பகுதியை இன்னும் விரிப்பது

இதுவரை சொன்னதிலேயே பெரும்பாலான 486 கணினிகள் 600 கேபியைத் தாண்டிவிடும். டாஸின் அடித்தளம் 17 கேபி, ஹைமெம் 1, இஎம்எம்386 3 அல்லது 4, கமாண்ட்.காம் 3 என்று கீழே தங்கியே தீர வேண்டியவை சுமார் 25 கேபி. அதற்கு மேல் தேடுவது, உங்கள் நிரல் உண்மையாகவே கேட்டால் மட்டும்தான். 630ஐத் தொட்டுவிட வேண்டும் என்ற வீம்பில் வாரத்துக்கு ஒருமுறை உறையும் கணினியை உருவாக்கிக்கொள்பவர்கள் நிறைய.

தேவைப்பட்டால், முதலில் பி000 முதல் பி7எஃப்எஃப் வரையுள்ள 32 கேபியைக் கேளுங்கள். அது பழைய மோனோ திரைக்கான இடம். வண்ண விஜிஏ உள்ள கணினியில் பெரும்பாலும் சும்மா கிடக்கும்:

டிவைஸ்=சி:\டாஸ்\இஎம்எம்386.இஎக்ஸ்இ நோஇஎம்எஸ் ஐ=பி000-பி7எஃப்எஃப்

ஹெர்குலிஸ் என்ற மோனோ திரைக் கார்டு உள்ள கணினியில் இதைச் செய்யவே கூடாது. திரை அந்த இடத்தில்தான் வாழ்கிறது. விண்டோஸ் 3.1 ஓட்டுபவர்கள் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் 386என்ஹ் என்ற பகுதியில் “டிவைஸ்=சி:\டாஸ்\மோனோயுஎம்பி.386” என்று சேர்க்காவிட்டால் விண்டோஸ் திறக்க மறுக்கலாம்.

“ஐ=” போட்டு வேறு இடங்களைக் கேட்பதற்கு முன், எஃப்5 அழுத்தி பூட் செய்து, டாஸோடு வரும் எம்எஸ்டி நிரலில் மெமரி வரைபடத்தைப் பாருங்கள். ராம் உள்ள கார்டுகளைத்தான் இஎம்எம்386 எளிதில் தவறவிடும்: சில நெட்வொர்க் கார்டுகள் டி000 பக்கம் 16 கேபியைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் டிரைவர் ஏறும்வரை அங்கே எதுவும் இருப்பதாகத் தெரியாது. தமிழ் எழுத்துக்காக சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு செருகியிருக்கும் அலுவலகக் கணினி கைக்கு வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். கார்டின் இடம் தெரிந்தால் “எக்ஸ்=டி000-டி3எஃப்எஃப்” என்பதுபோல் எழுதி அதை விலக்கிவிடுங்கள். நெட்வொர்க் திடீரென்று விழுவதும், ஃபிளாப்பி படிக்கும்போது கணினி உறைவதும் பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததால்தான். “ஹைஸ்கேன்” என்ற சொல்லும் இன்னும் ஆழமாக இடம் தேடும். சில மதர்போர்டுகளில் அது பூட்டையே நிறுத்திவிடும் என்பதால் நான் அதைப் போடுவதில்லை.

மெம்மேக்கர் என்ன செய்யும்

டாஸ் 6 முதல் வரும் மெம்மேக்கர், ஒவ்வொரு நிரலும் ஏறும்போது எவ்வளவு கேட்கிறது என்று சைசர் என்ற துணை நிரலால் அளந்து, “/எல்:1,” என்று தொடங்கும் எண்களை வரிகளில் சேர்த்துவிடும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத தொடக்க அளவை அது அளக்கிறது என்பதால் பயனுள்ள கருவிதான். ஆனால் கோப்பில் இருக்கும் குப்பையை அது அகற்றாது. குப்பையையும் சேர்த்து அழகாக அடுக்கிவிடும். ஆகவே கையால் சுத்தம் செய்த பிறகு கடைசியாக அதை ஓட்டுங்கள். பின்னாளில் ஒரு டிரைவரைச் சேர்த்தாலோ எடுத்தாலோ அந்த எண்கள் பொருளற்றுப் போகும். மறுபடி ஓட்ட வேண்டும்.

டிரைவரையே மாற்றுவது இன்னொரு வழி. சிடிமவுஸ் என்ற இலவச மவுஸ் டிரைவர் 3 கேபி அளவிலேயே வேலையை முடித்துவிடுகிறது. எம்எஸ்சிடிஎக்ஸுக்குப் பதில் ஷ்சுசிடிஎக்ஸ் பல மடங்கு சிறியது. டாஸின் இலவச மாற்றான ஃப்ரீடாஸ் திட்டத்தோடு இவை கிடைக்கின்றன. மேலே இடம் மாற்ற முடியாத பழைய கணினியில் இந்த இரண்டு மாற்றங்களே பெரும்பாலும் போதும்.

இஎம்எம்386 கூடாத இடங்கள்

இஎம்எம்386 ஏறியவுடன் ப்ராசஸர் வர்ச்சுவல் 8086 முறைக்குப் போய்விடுகிறது. சாதனங்கள் ப்ராசஸரை அழைக்கும் ஒவ்வொரு இன்டரப்டும் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கும். கணக்கு நிரலுக்கு அது தெரியாது. ஆர்எஸ்-232 கேபிள் வழியாக சிஎன்சிக்கு ப்ரோகிராம் அனுப்பும் பட்டறைக் கணினிக்குத் தெரியும். அதிலும் 16550 சிப்பில் இருக்கும் 16 பைட் இடைத்தேக்கம் இல்லாத பழைய 8250, 16450 சிப் உள்ள சீரியல் போர்ட் என்றால், வேகம் கூடும்போது வரும் எழுத்து விழுந்துபோகலாம். இயந்திரம் அனுப்பும் நிறுத்து என்ற குறி தவறினால் ஓடும் வேலை கெட்டுப்போகும். அங்கே ஹைமெமும் “டாஸ்=ஹை” என்பதும் மட்டும் வைத்து, சிடி, மவுஸ் இரண்டையும் ஏற்றாமல் விடுவதே சரி; எதையும் மேலே ஏற்றாமலேயே 600 கேபியை ஒட்டி நிற்கும். அல்டிமா 7 போலத் தன் சொந்த மெமரி நிர்வாகியோடு வரும் விளையாட்டுகளும் இஎம்எம்386ஐ ஏற்காது. பிசிஐ ஸ்லாட் உள்ள கணினியென்றால், ப்ராசஸர் முறையை மாற்றாமல் சிப்செட் வழியாகவே மேல் இடைவெளிகளைத் திறக்கும் யுஎம்பிபிசிஐ என்ற டிரைவரை முயன்று பார்க்கலாம்; உங்கள் சிப்செட் அதன் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஒரே கணினியில் இரண்டு வேலையும் நடக்க வேண்டுமென்றால் டாஸ் 6இன் மெனுவைப் பயன்படுத்துங்கள்:

[மெனு]
மெனுஐட்டம்=சிஎன்சி
மெனுஐட்டம்=அக்கவுண்ட்ஸ்
மெனுடிஃபால்ட்=சிஎன்சி,10

[காமன்]
டிவைஸ்=சி:\டாஸ்\ஹைமெம்.சிஸ்
ஃபைல்ஸ்=40

[சிஎன்சி]
டாஸ்=ஹை

[அக்கவுண்ட்ஸ்]
டிவைஸ்=சி:\டாஸ்\இஎம்எம்386.இஎக்ஸ்இ ராம்
டாஸ்=ஹை,யுஎம்பி
டிவைஸ்ஹை=சி:\சிடி\சிடிடிரைவர்.சிஸ் /டி:எம்எஸ்சிடி001

[காமன்]

கடைசியில் வெறும் [காமன்] ஒன்றை விட்டுவைப்பது, பிறகு ஏதாவது நிரலை நிறுவும்போது அது கோப்பின் முடிவில் ஒட்டும் வரி ஒரு பிரிவுக்குள் மட்டும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் “கோட்டூ %கான்ஃபிக்%” என்று எழுதி, அதே பெயர்களில் லேபிள்கள் வைத்தால் தேர்ந்தெடுத்த வேலைக்கான நிரல்கள் மட்டும் ஏறும். ஒவ்வொரு லேபிளின் பகுதியும் முடியும் இடத்தில் “கோட்டூ எண்ட்” என்று எழுதி, கோப்பின் கடைசி வரியாக “:எண்ட்” வையுங்கள். இல்லாவிட்டால் டாஸ் அடுத்த லேபிளுக்குள் வழுக்கிப்போய் அதிலுள்ளவற்றையும் சேர்த்து ஏற்றிவிடும். மின்வெட்டு முடிந்து கணினி தானாகத் திறக்கும் பட்டறையில், 10 விநாடியில் தானாகத் தேர்வாகும் பிரிவு எப்போதும் சிஎன்சியாகவே இருக்கட்டும்.